இரவு விழித்தவர்கள், தூங்கியவர்கள்: எஸ்பிஎஸ்எஸ் காட்டும் இரண்டு வரிகளில் எதை எடுப்பது?

காரைக்குடியில் உடற்கல்வி முதுகலை படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. விடுதி மாணவர்கள் 24 பேரை எடுத்து, 12 பேரை வழக்கம்போல் தூங்க வைத்தார். மீதி 12 பேர் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். காலை 7 மணிக்கு எல்லோருக்கும் எதிர்வினை நேரம் அளந்தார். திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் பட்டனைத் தட்ட வேண்டும், ஆளுக்கு 80 முறை. விழித்தவர்களில் 3 பேர் விடிகாலை 4 மணி வாக்கில் தூங்கிவிட்டதால் அவர்களை நீக்கிவிட்டார். தூங்கிய 12 பேரின் சராசரி 298 மில்லி வினாடி, திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் எண்கள் எவ்வளவு சிதறிக்கிடக்கின்றன என்ற அளவு) 28. விழித்த 9 பேரின் சராசரி 349, திட்ட விலக்கம் 66. இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் டி சோதனைக்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இரண்டு வரி தருகிறது. முதல் வரியில் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.026, இரண்டாவதில் 0.054. கைடு 'பேர்டு டி டெஸ்ட் (ஜோடி ஜோடியாக ஒப்பிடும் டி சோதனை) போடு' என்கிறார், அறைத்தோழர் 'மான் விட்னி போடு' என்கிறார், இன்னொருவர் 'மொத்தம் 1,680 அளவு இருக்கிறதே, இசட் டெஸ்ட் போதும்' என்கிறார். எதைப் போடுவது? அடுத்த முறை சிவராத்திரி அன்று கோயிலில் விழிப்பவர்களை வைத்துச் செய்தால் ஆள் நிறையக் கிடைக்குமே, செய்யலாமா?

தம்பி, பதில் இரண்டாவது வரி. 0.054. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் உங்கள் தரவுக்குப் பொருந்துகிற வரி. ஏன் என்று சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதல் வரி ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது: இரண்டு குழுவிலும் சிதறல் ஒன்றுதான், ஆகவே இரண்டையும் கலந்து ஒரே சிதறலாக எடுத்துக்கொள்ளலாம் என்று. கலக்கும்போது ஆள் அதிகமுள்ள குழுவுக்குக் கனம் அதிகம். உங்களிடம் ஆள் அதிகமுள்ள குழு தூங்கியவர்கள், அவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தட்டியிருக்கிறார்கள். விழித்தவர்கள் தாறுமாறு, ஆனால் ஆள் குறைவு. ஆகவே கலவையில் அந்தத் தாறுமாறு அடங்கிப்போகிறது. போட்டுப் பாருங்கள். 28, 66 இரண்டின் வர்க்கம் 784, 4356. ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் 11, 8. ஆகவே 11 × 784, 8 × 4356, இரண்டையும் கூட்டி 19-ஆல் வகுத்தால் 2288. இதிலிருந்து வரும் திட்டப் பிழை 21.1. வித்தியாசம் 51, அதைத் திட்டப் பிழையால் வகுத்தால் வருவதுதான் டி, 2.42.

இரண்டாவது வரி வெல்ச் என்ற புள்ளியியலாளர் 1947-இல் கொடுத்த முறை. கலப்பதில்லை. ஒவ்வொரு குழுவின் பிழையையும் அதனதன் கணக்கில் வைக்கிறது. 784-ஐ 12-ஆல் வகுத்தால் 65.3, 4356-ஐ 9-ஆல் வகுத்தால் 484. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 23.4. டி 2.18 ஆகக் குறைகிறது. அதோடு 'டிஎஃப்' (எத்தனை தனித் தகவல் கையில் இருக்கிறது என்ற கணக்கு) பத்தியைப் பாருங்கள். முதல் வரியில் 19, இரண்டாவதில் 10.2 என்று பின்னமாக இருக்கும். மென்பொருள் தவறு செய்துவிட்டதோ என்று என்னிடம் படித்தவர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள். தவறு இல்லை. மொத்த நிச்சயமின்மையில் பெரும்பங்கு அந்த 9 பேரிடமிருந்துதான் வருகிறது, ஆகவே உங்களிடம் உண்மையில் இருக்கும் தகவல் ஏறக்குறைய அந்த 9 பேர் அளவுதான் என்று அது சொல்கிறது.

சிதறல் சமமா என்று லெவீன் சோதனை போட்டுப் பார்த்து, அதன்படி வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது சொல்வதில்லை. ஒன்பதும் பன்னிரண்டும் பேர் இருக்கும்போது சிதறல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க லெவீனுக்கே தெம்பு போதாது. அது 'பரவாயில்லை' என்று சொன்னாலும் நம்ப முடியாது. எடுத்த எடுப்பில் வெல்ச் போட்டுவிடுவதே மேல். சிதறல் உண்மையிலேயே சமமாக இருந்தாலும் அதனால் இழப்பது மிகக் கொஞ்சம். ஆர் மென்பொருளில் டி சோதனை கேட்டால், நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை அது வெல்ச்சைத்தான் போடும்.

இன்னொன்று. 12-க்கு 12 என்று சமமாக இருந்திருந்தால் இரண்டு வரியிலும் டி ஒன்றாகவே வந்திருக்கும், டிஎஃப் மட்டும்தான் மாறும். உங்கள் இரண்டு வரியும் இவ்வளவு விலகி நிற்கக் காரணம், அந்த மூன்று பேரை எடுத்துவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 0.054 என்றால் தோற்றுவிட்டதா? இங்கே கொஞ்சம் ஊர்க் கதை. என் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. எனக்குக் கீழ்வாய் இலக்கம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்: முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, அரைமா 40-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. இருபதில் ஒன்று என்றால் 0.05. உலகமெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் தூக்கம் கெட்டுத் துரத்தும் அந்த எல்லை நம் பழைய கணக்கில் ஒரு மா, அவ்வளவுதான். புள்ளியியல் மேதை ஃபிஷர் 1925-இல் இருபதில் ஒன்று வசதியான எல்லை என்று எழுதிவைத்தார். வசதி என்றுதான் சொன்னார். உங்கள் முதல் வரி ஏறக்குறைய அரைமா, இரண்டாவது வரி ஒரு மாவுக்கு ஒரு மயிரிழை மேலே. ஐந்தொகை போடும்போது ஒரு மா இடித்தால் அப்பா கணக்கை மறுபடி பார்ப்பாரே தவிர, கடை திவால் என்று சொல்லமாட்டார்.

ஆகவே ஆய்வேட்டில் பி மதிப்பை மட்டும் எழுதாமல் நம்பிக்கை இடைவெளியையும் எழுதுங்கள். வெல்ச் முறையில் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய −1 முதல் 103 மில்லி வினாடி வரை. அதாவது விழிப்பினால் எதிர்வினை ஒன்றும் தாமதமாகாமலும் இருக்கலாம், பத்தில் ஒரு பங்கு வினாடி தாமதமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உங்கள் தரவு இடம் கொடுக்கிறது. 'வித்தியாசம் இல்லை என்று நிரூபணமானது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 51 மில்லி வினாடி வித்தியாசம் கண்ணெதிரே இருக்கிறது. அதைத் துல்லியமாக அளக்க ஆள் போதவில்லை, அவ்வளவே.

இசட் டெஸ்ட் சொன்ன நண்பருக்கு: 21 பேர் × 80 தட்டல் = 1,680 எண்கள் இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி ஆட்களைப் பற்றியது. ஒரே ஆள் 80 முறை தட்டினால் 80 ஆள் ஆகிவிடாது, ஒரே வீட்டில் 80 தடவை கதவைத் தட்டியதைத் தெருவில் 80 வீடு என்று கணக்குக் காட்ட முடியாத மாதிரி. அப்படிப் போட்டால் பி மதிப்பு 0.000 என்று வரும், வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். நீங்கள் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

மான் விட்னி கெட்ட முறை இல்லை. ஆனால் அது சராசரியை ஒப்பிடுவதில்லை. இந்தக் குழுவில் ஒருவரையும் அந்தக் குழுவில் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் யார் எண் பெரிதாக இருக்கும் என்பதுதான் அதன் கேள்வி. சிதறல் இவ்வளவு வேறுபடும்போது அதன் விடையை 'இடைநிலை அளவு வேறு' என்று படிக்கவும் முடியாது. டி சோதனையின் சிரமத்துக்கு அது மருந்து என்று நினைத்துப் போகிறவர்கள் அதே சிரமத்தை அங்கேயும் சந்திப்பார்கள். எஸ்பிஎஸ்எஸ் பிடிக்காமல்போனால் ஒரு நல்ல மாற்று வழி உண்டு. 21 பேரில் எந்த 9 பேரை வேண்டுமானாலும் 'விழித்தவர்' என்று பெயரிட 2,93,930 வழிகள். ஒவ்வொன்றிலும் வித்தியாசம் எவ்வளவு வருகிறது என்று கணினியைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, அதில் எத்தனை 51-ஐத் தாண்டுகிறது என்று எண்ணலாம். புரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை கிடையாது. ஆனால் யார் விழிப்பது என்று நீங்கள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தால்தான் அதற்கு முழு அர்த்தம். எப்படிப் பிரித்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. 'யாருக்கு இஷ்டமோ அவர்கள் விழித்தார்கள்' என்றால், இயல்பிலேயே ராத்திரியில் முழித்துக்கொண்டு செல்போன் பார்ப்பவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை எந்தச் சோதனையும் சரிசெய்யாது.

சிவராத்திரி யோசனையை இதனால்தான் விடச் சொல்கிறேன். ஆள் கிடைக்கும், வாஸ்தவம். ஆனால் சிவராத்திரிக்கு விழிப்பவர் விரதமும் இருப்பார். காலையில் அவர் கை மெதுவாக வந்தால் அது விழிப்பாலா, பசியாலா? வயசு வேறு, பழக்கம் வேறு, நாலு கால பூஜைக்கும் உட்கார்கிற மனசு வேறு. தூங்கியவர் குழுவில் யாரை வைப்பீர்கள்? கோயிலுக்கு வராதவரையா? அப்புறம் நீங்கள் ஒப்பிடுவது தூக்கத்தையா, பக்தியையா என்று தெரியாது.

இப்போது கைடு சொன்னது. உங்கள் இப்போதைய தரவுக்குப் பேர்டு டி சோதனை பொருந்தாது. தூங்கியவர் வேறு, விழித்தவர் வேறு, யாருக்கு யார் ஜோடி? இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் மென்பொருள் மறுக்காமல் முதல் ஆளுக்கு முதல் ஆள் என்று ஜோடி கட்டி விடை கொடுக்கும், மிஞ்சும் மூன்று பேரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆனால் அவர் மனசில் இருப்பது அடுத்த சோதனையாக இருக்கலாம். அப்படியானால் அவர் சொல்வது பொன்னான யோசனை.

டி சோதனை பிறந்த கதையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது, அதுவும் தூக்கத்தைப் பற்றியது. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் தன் கட்டுரையை வெளியிட்டார். விளக்கிக் காட்ட அவர் எடுத்துக்கொண்ட எண்களில் ஒரு தொகுதி, குஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் 1905-இல் வெளியிட்டது. பத்து நோயாளிகளுக்குத் தூக்க மருந்துகள் கொடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று குறித்திருந்தார்கள். ஒரு மருந்துக்குச் சராசரி 0.75 மணி, இன்னொன்றுக்கு 2.33. வித்தியாசம் 1.58 மணி.

இந்த 20 எண்களை வெவ்வேறு ஆட்களின் இரண்டு குழு என்று நினைத்து வெல்ச் போட்டால் பி மதிப்பு 0.079. ஒரு மாவைத் தாண்டிவிடுகிறது. ஆனால் இரண்டு மருந்தையும் சாப்பிட்டது அதே பத்துப் பேர்தான். ஏழாவது ஆளுக்கு 3.7, 5.5. இரண்டாவது ஆளுக்கு −1.6, 0.8. ஒருவர் எதைக் கொடுத்தாலும் நன்றாகத் தூங்குகிறவர், மற்றவர் எதைக் கொடுத்தாலும் புரண்டு புரண்டு படுப்பவர். தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கு ஆள் உள்ள இந்த வித்தியாசம் மருந்தின் வித்தியாசத்தை மூடிவிடுகிறது. ஒவ்வொருவரிடமும் கழித்துப் பார்த்தால் ஏழாவது ஆளுக்கு 1.8, இரண்டாவது ஆளுக்கு 2.4. ஆள் மறைந்து மருந்து தெரிகிறது. பத்துக் கழித்தல்களையும் வைத்து டி போட்டால் 4.06, பி மதிப்பு 0.0028. முந்திரிக்கும் கீழே. எண்கள் அதேதான், மாறியது யாருக்கு யார் ஜோடி என்ற விவரம் மட்டும்.

எதிர்வினை நேரமும் அப்படித்தான். பிறவியிலேயே சிலர் 250-இல் தட்டுவார்கள், சிலர் 320-இல். அடுத்த முறை ஒரே ஆளை ஒரு வாரம் தூங்கிய காலையிலும், இன்னொரு வாரம் விழித்த காலையிலும் அளங்கள். பாதிப் பேருக்கு விழிப்பு முதலில், பாதிப் பேருக்குத் தூக்கம் முதலில், சீட்டுக் குலுக்கி. இல்லாவிட்டால் இரண்டாம் தடவை கை பழகிப்போனது விழிப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். நடுவே குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். ஆள் எண்ணிக்கையிலும் லாபம்: தனித்தனிக் குழு என்றால், திட்ட விலக்கத்தில் 0.8 பங்கு அளவுள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 26 பேர், மொத்தம் 52 பேர் வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை அளந்து, கழித்த எண்களின் விலக்கத்தில் 0.8 பங்கு என்றால் 15 பேர் போதும். டீ, காபி விஷயத்தில் இரண்டு காலையும் ஒரே விதி. இன்னொன்று, விழித்த பையன்களை அன்று காலை பைக் எடுக்க விடாதீர்கள். இது புள்ளியியல் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்னே ஒளிந்திருக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். உங்கள் அட்டவணையில் எல்லோரும் 298-ஐயும் 349-ஐயும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது 28-ஐயும் 66-ஐயும். விழிப்பு எல்லோரையும் ஒரே அளவாக 51 மில்லி வினாடி பின்னுக்குத் தள்ளியிருந்தால் சிதறல் மாறியிருக்காது. இங்கே இரண்டு மடங்குக்கும் மேல் ஆகியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதிக்கிற கொத்தனாரைக் கேளுங்கள். ஒரு பட்டறைக் கல் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன், இன்னொரு பட்டறைக் கல் ஒன்று மெல்லிசு ஒன்று கனம், ஆனால் சராசரி இரண்டுக்கும் ஒன்று என்றால் அவர் எதை வாங்குவார்? சராசரி அவருக்கு எதற்கு? தரை மேடு பள்ளமாகப் போவது சிதறலால்தான்.

தூக்கம் கெட்டவரின் மூளையும் அப்படித்தான் வேலை செய்கிறது. எப்போதும் மந்தமாக இருப்பதில்லை. பத்துத் தடவை சரியாகத் தட்டிவிட்டு, பதினோராவது தடவை ஒரு கணம் ஆளே இல்லாமல் போய்விடும். நீங்கள் செய்த சோதனையின் மூல வடிவம் டிங்கஸும் பவலும் 1985-இல் கொண்டுவந்தது. 10 நிமிடம் நடக்கும், அதில் 500 மில்லி வினாடியைத் தாண்டிய தட்டலைத் தவறவிட்டதாகக் கணக்கு வைப்பார்கள். அந்த நழுவல்களின் எண்ணிக்கைதான் தூக்கமின்மையை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வழி, ஒவ்வொரு நேரத்தையும் தலைகீழாக்கி, அதாவது 1-ஐ அந்த நேரத்தால் வகுத்து, வேகமாக மாற்றிச் சராசரி எடுப்பது. அப்படிச் செய்தால் ஒன்றிரண்டு 2,000, 3,000 மில்லி வினாடிகள் மொத்தச் சராசரியையும் இழுத்துக்கொண்டு போகாது. இந்த இரண்டும்தான் வழக்கமான சராசரி நேரத்தைவிட நுட்பமான அளவுகள் என்று பாஸ்னரும் டிங்கஸும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். மூலத் தரவு உங்களிடம் இருக்கிறது, அரை நாள் வேலை, இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும்: மூன்றையும் போட்டுவிட்டு எது ஒரு மாவுக்குக் கீழே வருகிறதோ அதை மட்டும் எழுதக்கூடாது. சராசரி நேரம்தான் நீங்கள் முதலில் திட்டமிட்டது, அது முதலில் வரட்டும். மற்ற இரண்டும் 'பிறகு பார்த்தவை' என்ற பெயரோடு அடுத்து வரட்டும்.

விளைவின் அளவைச் சொல்லும் கோயனின் டி-யையும் (Cohen's d, மேலே பார்த்த டி வேறு; இது சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) கைடு கேட்பார். கலந்த விலக்கத்தை (47.8) வைத்தால் 1.07 வரும். தூங்கியவர்களின் விலக்கத்தை மட்டும் வைத்தால் 1.82. சிதறல் இவ்வளவு மாறிய இடத்தில் கலவையை வைத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூங்கியவர்தான் இயல்பு நிலை, அவர் விலக்கத்தை அளவுகோலாக எடுத்தேன் என்று ஒரு வரி எழுதி 1.82-ஐக் கொடுங்கள்.

கடைசியாக அந்த மூன்று பேர். விடிகாலை 4 மணிக்கு யார் தூங்கிவிழுவார்கள்? தூக்கமின்மை யாரை அதிகமாகத் தாக்குகிறதோ அவர்கள். அவர்களை நீக்கியதும், விழிப்பைத் தாங்கக்கூடியவர்கள் மட்டும் மிஞ்சிவிட்டார்கள். உங்கள் 349 அநேகமாக உண்மையைவிடக் குறைவு. 'விதியை மீறினார்கள், நீக்கினேன்' என்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் தூங்கியதே உங்கள் சோதனையின் முடிவில் ஒரு பகுதி. அன்று காலை 7 மணிக்கு அவர்களையும் எழுப்பித் தட்டச் சொன்னீர்களா, அல்லது போர்த்திக்கொண்டு தூங்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? எண்கள் இருந்தால் அவர்களை விழித்தவர் குழுவிலேயே சேர்த்து, 12-க்கு 12 என்று மறுபடி ஓட்டுங்கள். மூன்று மணி நேரத் தூக்கம் அவர்களைக் கொஞ்சம் தேற்றியிருக்கலாம், அதையும் எழுதுங்கள். எண்கள் இல்லையென்றால், 12-இல் 3 பேர் தாங்கவில்லை என்பதை முடிவுகளின் முதல் வாக்கியத்திலேயே போடுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம்.